யாருக்கும் காட்ட வேண்டாம்

நாற்பதைத் தாண்டிய ஒருவர் தூரிகையும் வண்ணப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வரும் கேள்வி, "யாருக்கு, பிள்ளைக்கா?" என்பதுதான். எனக்குத்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "வரைஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" காலையில் நடக்கப் போகிறவரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. நடந்தால் சர்க்கரை குறையும் என்று ஊருக்கே தெரியும். படம் வரைகிறவர் மட்டும் ஏதாவது ஒரு பலனைச் சொல்லியாக வேண்டும். விற்கப் போகிறேன், கண்காட்சி வைக்கப் போகிறேன், பேத்தி பிறந்தநாளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றுக்குமில்லை என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சில வருஷங்களாக வாட்டர் கலரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பலன் எதையும் எதிர்பார்க்காமல் செய்கிற வரைக்கும்தான் இது மனசுக்கு ஓய்வு. பலனைத் தேட ஆரம்பித்தால் ஆபீஸ் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்.

நம்மில் பெரும்பாலோர் தூரிகையைக் கீழே வைத்தது பள்ளிக்கூடத்தில். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராயிங் பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். மிச்ச நாட்களில் எல்லோரும் வரைந்தது ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. தென்காசிப் பிள்ளையும் இதைத்தான் வரைந்தது, மலையையே பார்க்காத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைந்தது. கை நன்றாக வந்தவர்களை லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுத அனுப்பினார்கள். மற்றவர்களிடம், "உனக்கு டிராயிங் வராது" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறோம். பாட வராதவர்கூடக் குளியலறையில் தாராளமாகப் பாடுகிறார். வரைய வராதவருக்கு அப்படியொரு இடம் வாய்க்கவே இல்லை.

கை வராதவர்களுக்குத் தெம்பு தரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை உட்காரவைத்து, மார்க்கர் பேனா, களிமண், வெட்டி ஒட்டும் தாள் என்று கொடுத்து 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஆட்கள் குறைவுதான். இருந்தாலும் டிராயிங் மாஸ்டரின் தீர்ப்புக்கு அப்பீல் போக இது போதும்.

இனி, கடைக்குப் போகலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வண்ணத்துக்கு அதிகமாகவும் தாளுக்குக் குறைவாகவும் செலவழிப்பார்கள். அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். வாட்டர் கலர் என்பது நைஸாக அரைத்த நிறப்பொடியை வேல மர இனத்துப் பிசினில் குழைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் பன்னிரண்டு வில்லைப் பெட்டியே முதல் வருஷத்துக்குத் தாங்கும். தாளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜெராக்ஸ் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 70, 75 கிராம் இருக்கும். வாட்டர் கலருக்கு 300 கிராம் தாள் வேண்டும், கடையில் 300 ஜிஎஸ்எம் என்று கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் அது மேடும் பள்ளமுமாக நெளியும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும், இரண்டு முறை தேய்த்தால் தாளே திரிதிரியாக வந்துவிடும். தப்பு தாளுடையது என்று தெரியாமல், தனக்குத்தான் வரவில்லை என்று பலர் பெட்டியை மூடிவிடுகிறார்கள். நனைத்தால் நுனி கூராகக் குவியும் 8ஆம் நம்பர் உருண்டைத் தூரிகை ஒன்று, தூரிகை கழுவ ஒரு டம்ளர், நல்ல தண்ணீருக்கு இன்னொன்று, வண்ணம் கலக்க ஓரம் உடைந்த பீங்கான் தட்டு, துடைக்கப் பழைய வேட்டித் துணி. இவ்வளவு போதும்.

எல்லாம் வாங்கி வைத்தபிறகு வெள்ளைத் தாளைக் கண்டால் ஒரு பயம் வரும். இந்தப் பயத்தைப் பற்றி விவரமாக எழுதிவைத்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். வங்கப் பஞ்சக் காலத்தில் பிரிட்டனின் பிரதமராக இருந்தவரை நாம் கொண்டாட வேண்டியதில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. 1915இல் டார்டனெல்ஸ் போர்த் திட்டம் தோற்று, கடற்படைப் பொறுப்பு கையைவிட்டுப் போய், நாற்பது வயதில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் குழந்தைகளின் வண்ணப்பெட்டியை எடுத்து வரைந்து பார்த்தார். பிறகு எண்ணெய் வண்ணம் வாங்கினார். வெள்ளைத் துணியின் முன்னால் நின்று வெகுநேரம் தயங்கி, அவரையளவுக்கு ஒரு நீலப் பொட்டு வைத்தார். ஓவியர் ஜான் லேவரியின் மனைவி அந்த நேரம் பார்த்து வந்தார், பெரிய தூரிகையை வாங்கி நாலு வீச்சு வீசினார். துணி திருப்பி அடிக்கவில்லை. அதோடு சர்ச்சிலுக்குப் பயம் விட்டது. ஆயுளில் ஐந்நூறு படங்களுக்குமேல் வரைந்தார்.

நம் வீட்டுக்கு லேவரி அம்மாள் வரப்போவதில்லை. அதனால் முதல் தாளில் எதையும் வரையாதீர்கள். பெட்டியில் உள்ள ஒவ்வொரு வண்ணத்தையும் கட்டம் கட்டமாகப் பூசுங்கள், கெட்டியாக ஒன்று, தண்ணீர் விட்டு இளக்கி ஒன்று. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் எத்தனை விதச் சாம்பல் வருகிறது என்று பாருங்கள். ஒரு தாள் போகும், பயமும் அதோடு போகும்.

அடுத்து என்ன வரைவது? கோபுரத்தின் பக்கம் போக வேண்டாம். கோபுரம் என்றதும் கோயில் கோயிலாக உட்கார்ந்து சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்த ஓவியர் சில்பி ஞாபகத்துக்கு வருவார். முகம் என்றால் பத்திரிகை ஓவியர்கள் மணியமும் கோபுலுவும் வந்து நிற்பார்கள். அவர்கள் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு நாம் போடும் கோடு உடனே கசக்கும். அடுக்களையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து, ஜன்னலோரமாக நகர்த்துங்கள்.

கத்திரிக்காய் ஊதா என்றுதான் நினைத்திருப்போம். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் ஊதா என்று சொல்லத்தக்க இடம் பாதிகூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் தோள்பட்டையில் பளீரென்று வெள்ளை, அதற்குள் ஜன்னல் கம்பியின் கோடுகூடத் தெரியும். வெள்ளையை ஒட்டி வானத்தின் நீலம். நடுவயிறு கறுப்புக்குப் பக்கம். அடியில் இருட்டாக இருக்கும் என்று நினைத்த இடத்தில், தட்டின் வெளிச்சம் மேலே பட்டு ஒரு செம்மங்கல். காம்பின் குல்லாயைக் கொஞ்சம் தூக்கினால், வெயில் படாத தோல் வெளிறிக் கிடக்கும். பெட்டியில் வெள்ளை வில்லை இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். வாட்டர் கலரில் தாளின் வெள்ளைதான் வெள்ளை. அந்த ஜன்னல் வெளிச்சத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, சுற்றிலும்தான் பூச வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கடனும் மேலதிகாரியும் எங்கேயும் போய்விடுவதில்லை. அவர்கள் உட்கார மனசில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஓய்வும் இதில் உண்டு. தண்ணீர் காய்கிற நேரம் நம் கையில் இல்லை. பூசிய தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஈரம் மினுங்கும். அந்த மினுக்கம் இருக்கும்போது வேறு வண்ணத்தைத் தொட்டு வைத்தால் இரண்டும் கரைந்து கலக்கும். முழுக்கக் காய்ந்தபின் வைத்தால் ஓரம் சுத்தமாக நிற்கும். மினுக்கம் போயும் ஈரம் போகாத இடைவேளையில் அவசரப்பட்டுத் தூரிகையை வைத்தால் வந்தது வினை: புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும், காய்ந்தபின் காலிஃபிளவர் பூத்த மாதிரி நெளிந்து நிற்கும். சித்திரை வெயிலில் தாள் நம்மை முந்திக்கொண்டு காயும், ஐப்பசி அடைமழையில் காபி குடித்துவிட்டு வந்தாலும் ஈரமாகவே இருக்கும். காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் செல்போனை மட்டும் எடுக்காதீர்கள்.

செல்போனால் வரும் ஆபத்து பெரிது. படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட நிமிடத்திலிருந்து மனசு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கும். குறை சொல்பவர்களைவிடப் பாராட்டுகிறவர்கள் இன்னும் மோசம். "மாமா, பிரமாதம்! ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடலாம்" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டால், அடுத்த படத்தை வரையும்போது கண் கத்திரிக்காயில் நிற்காது, ஹால் சுவருக்கு ஓடும். ரவீந்திரநாத் தாகூரும் வயதான பிறகு வரைய ஆரம்பித்து 1930இல் பாரிஸில் கண்காட்சி வைக்கவில்லையா என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். வைத்தார். ஆனால் அவர் வரைந்த விதத்தைப் பாருங்கள். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளைக் கோடு போட்டு இணைத்து இணைத்துப் பறவையாகவும் மிருகமாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார். கண்காட்சியெல்லாம் பின்னால் வந்தது.

ஆகவே முதல் ஒரு வருஷமாவது படத்தின் பின்பக்கம் தேதியை எழுதி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். நன்றாக வந்ததையும் வைக்கலாம், சொதப்பியதையும் வைக்கலாம், இரண்டுக்கும் ஒரே மரியாதை. வருஷ முடிவில் எடுத்துப் பார்த்தால் கை கொஞ்சம் திருந்தியிருக்கும். திருந்தாவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், டிவியைப் போடுவதற்கு முன்னால், ஆரம்பித்துவிடுங்கள்.