புத்தாண்டும் கண்டியின் புனிதரும்

புத்தாண்டுப் பிறப்பன்று நள்ளிரவுப் பூசைக்குக் கோவில் நிறைந்துவிடுகின்றது. ஆண்டு முழுவதும் காணாத முகங்களையெல்லாம் அன்று காணலாம். விசுவாசத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு உண்மையாகவே உண்டு. ஆனால் அவ்வாவல் இரண்டாம் வாரத்தைத் தாண்டி நிற்பது அரிது. புதுப்பித்தல் என்பதுதான் யாது? முன்பு இல்லாத ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவருவதா? அன்றி, வளவிலே தூர்ந்து கிடக்கும் பழங்கிணற்றைத் தோண்டி இறைப்பதா? மடவளையிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் நாம் இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி நகரின் வரலாற்றிலேயே அது இருக்கின்றது.

ஜனவரி 16ஆந் திகதி புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள். 1711ஆம் ஆண்டு அந்நாளில் அவர் கண்டியிலே உயிர்நீத்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் புனிதராகவும் கொழும்பிலே அவர் உயர்த்தப்பட்டதும் ஜனவரி மாதத்திலேயே. ஆண்டின் முதல் மாதம் அவருக்கே உரியது போலும்!

அடிகளார் 1651இல் கோவாவிலே பிறந்தவர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டபின் கத்தோலிக்கக் குருமார் அங்கு இருத்தலாகாது என்றாயிற்று. அடிகளார் 1687இல் ஏழைப் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து கரையேறினார். கழுத்திலே செபமாலை தொங்க, வீடு வீடாகச் சென்று இரந்தார். சோற்றைக் காட்டிலும் அவர் நோக்கியது வேறொன்று: மாலையைக் கண்டதும் முகம் மாறுபவர் எவர்? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவர் இன்றி வாழ்ந்த குடும்பங்கள் அவை. அவர்களுக்கு அவர் புதிய மதம் எதனையும் கொண்டுவரவில்லை. அவர்கள் வீட்டிலேயே ஒளிந்து கிடந்ததை மீண்டும் வெளியே எடுக்கச் செய்தார், அவ்வளவே.

1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று, இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையிலிட்டான். தமிழை முன்பே கற்றிருந்த அவர் சிறையிலிருந்தபடியே சிங்களமும் பயின்றார். நம் மாணவர்கள் இதனைச் சற்றே கவனிக்க வேண்டும். சிறைப்பட்டவன் காலத்தை நொந்துகொண்டிருப்பதே இயல்பு. அவரோ அயலவரின் மொழியைக் கற்றார்.

1697இல் கண்டியை அம்மை நோய் வாட்டியது. வசதியுள்ளோர் நகரை விட்டு நீங்கினர்; நோயாளர் பலர் காட்டோரங்களிலே கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனாரான குருவானவரும் அவர்களுக்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். நோயாளி எம்மதத்தவர் என்று கேட்கவில்லை. சிறைப்படுத்திய அரசனே பின்னர் அவரை மதித்தமைக்கு இத்தொண்டும் ஒரு காரணமாயிற்று. நம் எண்ணத்தில், அவருடைய பிரசங்கங்கள் அனைத்தையும்விட அக்குடிசைகளே கண்டியில் திருச்சபையை ஊன்றி நிறுத்தின.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மடவளையிலே கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. பூசைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டிக்கு பஸ் ஏற வேண்டும். மழை பெய்தால் அதுவும் தடைப்படும். இந்நிலையில் வீட்டு மாலைச் செபமும் நின்றுவிடுமாயின் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது யாது? கிறிஸ்மஸ் கேக்கும் ஞானஸ்நானப் பெயருமே. அப்பச்சி காலத்தில் விளக்கேற்றியதும் முழந்தாளிட்ட வீடுகளில் இன்று அந்நேரத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. முப்பது ஆண்டுகள் குருவின்றியும் அணையாதது, குருமார் இருக்கும் காலத்தில் அணைய வேண்டுமா?

மஃரிப் பாங்கொலி நம் ஊரில் நாள்தோறும் தவறாது கேட்கின்றது. அயலவர் தொழுகைக்குச் செல்லும் அவ்வேளையையே நம் செபவேளையாகவும் கொள்ளலாம்; கடிகாரம் பார்க்கவும் வேண்டியதில்லை. சிறுவர் சலிப்படையாதிருக்க, முதலில் செபமாலையின் பத்து மணிகள் போதும். அவற்றையும் பெரியவர் ஒருவரே ஓதாமல் பிள்ளைகள் முறைவைத்துத் தொடங்கட்டும். ஞாயிறு பிற்பகல்களில், அயல் வீட்டிலே நோயுற்றிருப்பவரைப் பிள்ளைகளுடன் சென்று பார்த்து வரலாம். அவர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர், எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்பது அங்கே எழ வேண்டிய கேள்வியன்று.

அடிகளாரின் கல்லறை கண்டியில் எவ்விடத்தில் உள்ளதென இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே அவருடைய திருநாளன்று மலர் வைக்க நமக்கென ஒரு கல் இல்லை. அன்று மாலை வீட்டிலே விளக்கேற்றி, முதற் பத்து மணிகளைத் தொடங்கலாம்.