சுகம் தேடி ஏறிய மலை

விக்டோரியா ராணி காலத்துச் சீமான்கள் ஐரோப்பாவில் வியாதி தீர வெந்நீர் ஊற்றுகளை நாடினார்கள். நம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த துரைமார்களோ வெந்நீரைத் தேடவில்லை; வெயிலே போதும் போதும் என்றாகிவிட்டது! அவர்களுக்கு வேண்டியது குளிர்ச்சி.

மேட்டுப்பாளையத்தில் ரயிலேறினோம். கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் கவ்வ, வண்டி மெல்ல மலையேறியது. குன்னூர்வரை இப்பாதை வந்தது 1899-இல். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819-இல் ஏறியபோது சாலைகூடக் கிடையாது. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. பின்னர் உதகையில் கல் வீடு கட்டினார், ஏரியும் அமைத்தார். காய்ச்சலில் மெலிந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் உதகை ஆரோக்கிய ஸ்தலமாயிற்று. குன்னூருக்கருகே ஜக்கதளாவில் பட்டாளத்தார் குடியிருப்பு எழுந்து, வெலிங்டன் என்று பெயரும் மாறியது.

இவையெல்லாம் எழுந்தது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில். நிலம் தோடர்களுக்கே உரியது என்று வாதாடியவர் ஸல்லிவன். ஏக்கர் ஒரு ரூபாய்க்கு அதை வாங்கியவரும் அவரே! இந்த விசித்திரத்தை என்னென்பது?

1848-இல் தோன்றிய தாவரப் பூங்காவின் மேட்டில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. கீழே மலர்களைக் காணப் பெருங்கூட்டம். மந்துவரை ஏறிச் சென்றவர்கள் அன்று நாம் மட்டுமே.