மின்சாரக் கார் எதைவிட நல்லது?

மின்சாரக் கார் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்வி கருத்தரங்குகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரே வடிவில்தான் எழுகிறது. விடையும் பெரும்பாலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழ் இலக்கணம் இங்கே சிறிது உதவக்கூடும். ஆங்கிலத்தைப் போல் தமிழில் பெயரடை ஒப்பீட்டுக்காகத் திரிவதில்லை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட ‘விட’, ‘காட்டிலும்’ என ஏதேனும் ஒன்று ஒட்டிய பெயர் பொதுவாக வேண்டும். ‘எதைவிட?’ என்பதற்கு விடை இல்லாமல் வாக்கியம் நிறைவுறாது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நன்னூல் நான்கு பொருள்களைச் சொல்கிறது. மின்சாரக் கார் பற்றிய விவாதங்களில் விடுபட்டுப்போவது அவற்றுள் இரண்டு: ஒப்பும் எல்லையும்.

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம் பெங்களூருவின் தென்கிழக்கே ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திரா. அங்கிருந்து தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி சில கிலோமீட்டர்தான். 1994-இல் பெங்களூருவின் மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ரேவா நிறுவனம், இத்தொழிற்பேட்டையில் உருவாக்கிய மின்சாரக் காரை 2001-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கதவுகள், ஏறத்தாழ 700 கிலோ எடை, 48 வோல்ட் ஈய அமில மின்கலங்கள், ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர்: அவ்வளவே அந்த வண்டி. இந்தியச் சாலைகளில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 2003-இல் நெரிசல் கட்டணம் விதித்து மின் வண்டிகளுக்கு விலக்களித்த லண்டனிலோ, ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் அது ஓரளவு விற்றது. 2010-இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2013-இல் இ2ஓ என்ற அடுத்த சிறிய கார் வெளிவந்தது.

முதல் ஒப்பு பெட்ரோல் காரோடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் கார், கிலோமீட்டருக்கு 144 கிராம் உமிழ்கிறது. எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவை ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் 170 கிராமைத் தாண்டும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு உண்டு. கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் செலவழிக்கும் மின்சாரக் காரின் கணக்கு, கம்பி வழி இழப்பையும் சேர்த்தால், சுமார் 125 கிராம். ஆக, வித்தியாசம் கிலோமீட்டருக்கு 50 கிராம் அளவில் நிற்கிறது. மேன்மை உண்மையானது, விளம்பரங்கள் காட்டும் அளவுக்குப் பெரியதன்று.

எல்லையை இன்னும் சற்று விரித்தால் மின்கலத் தயாரிப்பும் கணக்கில் சேரும். ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ எனக் கொண்டால், 30 கிலோவாட் மணி மின்கலம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று டன் கடனோடுதான் சாலைக்கு வருகிறது. கிலோமீட்டருக்கு 50 கிராம் வீதம் அக்கடன் தீர 36,000 முதல் 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதன்பிறகு வருவது ஆதாயம். பெரும்பாலும் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அந்நாள் வராமலே போகலாம்.

எல்லை புவியியல் சார்ந்ததும்கூட. மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை. ஓசூர் சாலையோரத்தில் பேருந்துக்கு நிற்பவரின் நுரையீரலுக்கு அது மெய்யான நன்மை. ஆனால் அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி ராய்ச்சூர், பல்லாரி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியிலிருந்து பிறக்கிறது. அங்கே சாம்பலோடு வாழ்பவர் இக்காரில் ஏறுபவர் அல்லர். கர்நாடகத்துக்கு மாற்று வழிகளும் உண்டு: ஷராவதி நீர்மின்சாரம், பாவகடாவின் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா. சூரிய ஒளி பகலில்தான் கிடைக்கும் என்பதால், நண்பகலில் அலுவலகத்தில் மின்னேற்றுவதும் நள்ளிரவில் வீட்டில் மின்னேற்றுவதும் ஒன்றல்ல.

அடுத்த ஒப்பு, மின்சாரக் காரை மின்சாரக் காரோடு. ரேவாவின் மின்கலக் கொள்ளளவு பத்து கிலோவாட் மணிக்கும் குறைவு. அதே மகிந்திரா 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்இவி 9இ காரில் 79 கிலோவாட் மணி வரை உண்டு. பாதுகாப்பும் தொலைவும் வசதியும் கூடியிருப்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய எட்டு மடங்கு மின்கலத்துக்கான லித்தியமும் ஏனைய கனிமங்களும் எங்கோ ஒரு மண்ணிலிருந்து தோண்டப்படுகின்றன. அதில் பெரும்பாலும் பயணம் செய்வது ஒருவரோ இருவரோதான்.

மூன்றாவது ஒப்பு பொம்மசந்திராவிலேயே தலைக்கு மேல் ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். அந்த ரயிலும் அதே மின்கட்டமைப்பிலிருந்துதான் மின்சாரம் பெறுகிறது. ஆறு பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்லலாம், நாளெல்லாம் ஓடுகிறது, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஓர் அடி இடத்தைக்கூட அடைப்பதில்லை. பெட்ரோல் காருக்குப் பதில் மின்சாரக் கார் வந்தால் புகை குறையும், நெரிசல் அப்படியே இருக்கும்.

கேள்வி முழுமையானால்தான் அரசின் பணம் சரியான திசையில் செல்லும். 2017-இல் மின் வண்டிகளுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்ட முதல் மாநிலம் கர்நாடகம். நாடு முழுவதும் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறிய காருக்கும் பெரிய காருக்கும் அதே விகிதம். 2024-இல் கர்நாடகம் 25 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத வாழ்நாள் வரி விதித்தபோது முதன்முறையாக ஒரு வேறுபாடு நுழைந்தது. ஆனால் அது விலையின் வேறுபாடு. எடைக்கோ மின்கல அளவுக்கோ இன்னும் கணக்கு இல்லை.

மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட நல்லது, போதிய தூரம் ஓடினால். சிறிய மின்சாரக் கார் பெரிய மின்சாரக் காரைவிட நல்லது. மெட்ரோவும் பேருந்தும் இரண்டையும்விட நல்லவை. இம்மூன்று வாக்கியங்களில் முதலாவதை மட்டும் சொல்லி, அதிலும் ‘விட’வை விட்டுவிடுவது விற்பவருக்கு வசதியாக இருக்கலாம், ஆய்வாளருக்கு அந்த உரிமை இல்லை.