பட்டியில் ஓர் இரவு

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மாடுகள் பெரும்பாலும் காட்டில்தான் இராத் தங்கும். முள் அடைத்த பட்டிகள் உண்டு. அப்படியொரு பட்டியில் ஓர் இரவு இருந்தேன். சிறுத்தைக்குப் பயந்து மூட்டிய தீ விடியும்வரை அணையவில்லை. செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள் தெறித்த மாடுகள். புது ஆளின் வாடை பட்டதும் மொத்தப் பட்டியும் எழுந்துகொண்டது. “உட்காருங்க சாமி, நீங்க நின்னா அதுகளும் நிக்கும்” என்றார் மாடு மேய்க்கும் பெரியவர்.

பால் அதிகம் கிடையாது, கன்று குடித்த மிச்சம்தான். சாணத்தில்தான் காசு. பட்டி எருவை மஞ்சள் வயல்களுக்கென்று கீழ்நாட்டுக்காரர்கள் வாங்கிப்போவார்கள். அதைக் கேட்டதும் மனசு உறுத்தியது. காட்டுப் புல்லின் சத்து காட்டுக்கே திரும்பாமல் மலையிறங்கிப் போகிறதே! கர்நாடகத்தில் பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களில் சாண விற்பனை பெரிய வியாபாரமாகவே ஆனது. காப்பி விலை ஏறியபோது தோட்டங்களுக்குச் சாணம் தேவைப்பட்டது. சாணத்துக்காகவே மாடு வளர்த்தார்கள். அவை மேய்ந்ததோ புலிகள் காப்பகத்தில்.

மாடு பெருகிய காட்டில் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் புல் குறைகிறது. மாடு தொடாத உண்ணிச்செடி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நோயும் வரும். 1968-ல் முதுமலைப் பக்கம் வெக்கை நோயில் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வனத்துறையின் கவலையைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் 2022 மார்ச்சில், தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது அந்தப் பெரியவர்தான் கண்முன் வந்தார். அதே மாதத்தில் தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. பர்கூருக்கு அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. 2024 ஜனவரியில் அப்பகுதிக் காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பட்டி.

ராஜஸ்தானின் பரத்பூர்ச் சதுப்பில் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு எருமைகள் தின்றுவந்த புல் தண்ணீரெங்கும் மண்டி, எந்தப் பறவைகளுக்காகத் தடை வந்ததோ அவற்றுக்கே இறங்க இடமில்லாமல் செய்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருமைகள் அங்கே வேண்டும் என்றது.

சதுப்புக்கு ஒத்துவந்தது மலைக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். எத்தனை மாடு, யாருடைய மாடு, எந்த மாதத்தில் எந்தச் சரிவு என்று ஒவ்வொரு காட்டிலும் தனியாகப் பார்க்க வேண்டும். மேய்ப்பவரை உட்காரவைத்துக் கேட்காமல் அதை யாரும் தீர்மானிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த ஓடை எப்போது வற்றும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

அன்று விடிந்ததும் பெரியவர் படலை விலக்கினார். மாடுகள் பழக்கமான சரிவை நோக்கி நடந்தன. முன்னே ஓடிப்போய்க் கோலை நீட்டி மறித்தார். “அங்கே வேண்டாம், போன வருசம் ரொம்ப மேஞ்சிருச்சு” என்று மறுபக்கம் திருப்பிவிட்டார்.