சங்கரன்கோவிலும் சிங்கப்பூர் சிம்மும்

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடிகிற வேளைக்குச் சங்கரன்கோவில் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் எழுந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். மேற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் ரயிலோடு கூடவே வரும். அந்தக் காற்று முகத்தில் பட்டாலே எனக்குப் பிறந்த வீட்டு நினைவு வந்துவிடும்.

2025ஆம் ஆண்டு ஆடித் தபசுக்குப் போனபோது என்னோடு என் அக்கா மகளும் வந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள். பதினைந்து நாள் லீவு. ஆச்சியைப் பார்க்க வேண்டும், தபசு பார்க்க வேண்டும் என்று ஆசையோடு வந்திருந்தாள். ரயிலில் ஏறியதும் போனைக் காட்டி, "சித்தி, இதுல மூணு கம்பெனி நெட்வொர்க் இருக்கு. எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்கும். இனி சிக்னல் கவலையே இல்லை" என்றாள்.

அவள் வாங்கி வந்தது பிரயாணிகளுக்கான இ-சிம். கையில் தொட முடியாத சிம் அது. பணம் கட்டினால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதை போன் படம் பிடித்ததும் சிம் உள்ளே இறங்கிவிடும். பதினைந்து நாளைக்கு நம் பணத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தாள். "அவ்வளவு கொடுக்கலாமா?" என்று அப்போதே கேட்டேன். அதற்குப் பதில் எனக்குச் சங்கரன்கோவிலில்தான் கிடைத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தாய்மார்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இருவர் ஒருவரான ஊர்

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து அதைச் சேர்ந்தது. தறி ஓடும் ஊர். இங்கே நெய்யும் பருத்திச் சேலைக்குத் தனிப் பெயர் உண்டு. பூ மார்க்கெட்டில் காலை வேளையில் நின்றால், பிச்சியும் மல்லிகையும் மணக்கிற மணத்தில் காப்பி குடிக்கக்கூட மறந்துபோகும்.

ஊருக்குப் பெயர் தந்தவர் சங்கரநாராயண சுவாமி. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். அம்பாள் தவமிருந்து வேண்ட, இருவரும் ஒரே உடலாகக் காட்சி தந்தார்கள் என்பது தல வரலாறு. ஒரு பாதி சிவன், மறு பாதி விஷ்ணு. ஒன்பது நிலை ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. வீட்டில் பூரான், பாம்பு கண்டால் இங்கே வந்து அதன் உருவத் தகடு வாங்கிப் போடுவது வழக்கம். புற்றுமண்தான் இங்கே பிரசாதம். தோல் வியாதிக்குப் பூசுவார்கள். நம்பிக்கையோடு பூசிக்கொள்ளுங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றில் ஒன்று

ரயிலில் வரும்போது அவள் சிம் ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் என் போனில் சிக்னல் போய்விட்டது. அவள் போன் கொஞ்சம் தடுமாறி வேறொரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா சித்தி?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கதை மாறியது. எங்கள் வீடு பழைய வீடு, சுவர் இரண்டு முழ அகலம். உள் அறையில் அவள் போனில் ஒற்றைக் கோடு. பக்கத்து வீட்டுப் பையன் வேறு கம்பெனிச் சிம்மில் படமே பார்த்துக்கொண்டிருக்கிறான்! இவள் போனில் அந்தக் கம்பெனியைத் தானாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது.

பிறகு அவளே விவரம் தேடிப் படித்துச் சொன்னாள். இந்தச் சிம் ஏதோ ஓர் அந்நிய நாட்டுக் கம்பெனியுடையது. அது இங்குள்ள சில கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். எதை முதலில் பிடிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று விற்றவர் சிம்முக்குள்ளேயே எழுதிவைத்துவிடலாம். முதல் கம்பெனி ஒற்றைக் கோட்டில் உயிரோடு இருக்கிற வரை, பல சமயம் இரண்டாவதுக்குத் தாவாது. மூன்று பஸ் கம்பெனிப் பெயரும் அச்சடித்த பாஸ் கையில் இருந்தும், கண்டக்டர் கை காட்டுகிற பஸ்ஸில்தான் ஏற முடியும் என்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான். தவிர, நாம் அனுப்புகிற செய்தி பெரும்பாலும் அந்த அந்நிய நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பி வருமாம். அதனால் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும்.

இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை ஒன்று இருந்தது. அது தபசன்றுதான் தெரிந்தது.

ஆச்சி எங்கே?

தபசு நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கொடியேறிய நாளிலிருந்தே பெண்கள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். நூற்றெட்டு, ஐநூறு என்று வேண்டிக்கொண்டு கால் கொப்புளிக்கச் சுற்றுவார்கள். அன்று சாயங்காலம் அம்மனுக்குச் சங்கரநாராயணர் ரிஷப வாகனத்தில் காட்சி கொடுப்பார். அந்த நேரத்தில் தெற்கு ரத வீதியில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தம் வயலில் விளைந்த பருத்தி, மிளகாய், காய்கறியையெல்லாம் சூறைவிடுவார்கள். பஞ்சு தலைமேல் பறந்து வரும்.

என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னால் நின்றாள். சப்பரம் அசைந்ததும் கூட்டம் ஓர் அலை போல் தள்ளியது. அலை நின்றபோது பேத்தி மட்டும் இருந்தாள், ஆச்சி இல்லை!

"போன் பண்ணு பிள்ளே!" என்று கத்தினேன். ஆச்சியிடம் பட்டன் போன் உண்டு. ஆனால் இவள் முகம் வெளுத்துவிட்டது.

"சித்தி, என் சிம்முல நம்பரே கிடையாது. நெட் மட்டும்தான். வாட்ஸப் இருக்கிறவங்களுக்குத்தான் பேச முடியும்."

இதுதான் அந்தப் பெரிய குறை. மூன்று கம்பெனி இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கிற ஒரு கிழவியைக் கூப்பிட வழியில்லை. சிங்கப்பூர் நம்பர்? கட்டணத்துக்குப் பயந்து அதன் ரோமிங்கை முழுக்க அணைத்து வைத்திருந்தாள். பதற்றத்தில் அதைத் திறக்கவும் தோன்றவில்லை. வாட்ஸப்பும் அப்போது வேலை செய்யவில்லை. என் போனில் அடித்தால், "எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்றே வந்தது. ஒரு டவர் ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும். லட்சம் பேர் கூடிய தெருவில் எல்லாக் கம்பெனி டவரும் அப்படித்தான் திணறும். அங்கே ஒன்று இருந்தால் என்ன, மூன்று இருந்தால் என்ன?

மணி ஆறரை. ஆச்சி மத்தியானம் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். மாத்திரையோ போட்டாயிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ட தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு தெருவின் இரு ஓரமும் தேடினோம். பேத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து என் போன் மணி அடித்தது. ஆச்சியின் நம்பர்! பேசியது வேறொரு குரல்.

"இந்தப் பாட்டி உங்க அம்மாவா? இங்கன கோபுரத்துக்கிட்ட பூக்கடையில இருக்காவ. மயக்கமா வருதுன்னாவ, கலர் வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். இருபது தடவை அடிச்சிட்டேன், இப்பத்தான் கிடைச்சுது. பதறாம வாங்க."

போய்ப் பார்த்தால், பூக்கூடைகளுக்கு நடுவே ஆச்சி உட்கார்ந்து பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டிருக்கிறாள்! எங்களைப் பார்த்ததும், "ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள். அந்தப் பூக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். நான்கு முழம் பூ மட்டும் வாங்கினோம்.

சர்க்கரைக்காரர்களை அழைத்துப்போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அவசரத்துக்கு 112 உண்டு. உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாவிட்டாலும், கிடைக்கிற வேறு டவர் வழியாகப் போகக்கூடிய அழைப்பு அது.

அப்படியானால் வாங்கலாமா?

மறுநாளே சிம் கடைக்குப் போனோம். அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஆதாரும் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் என்றால் பாஸ்போர்ட், விசா எல்லாம் காட்ட வேண்டும், நேரமும் கூடுதலாகும். 28 நாளைக்கு, தினம் ஒன்றரை ஜி.பி. நெட்டோடு, பேச்சும் சேர்த்து 300 முதல் 350 ரூபாய். எந்தக் கம்பெனி என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனை எங்கள் உள் அறைக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் வாங்கினோம். ஓர் ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு இதுதான் சரி.

இ-சிம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நடுராத்திரி விமானத்தில் இறங்கி வண்டி கூப்பிட, வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்குச் சேதி சொல்ல, அது கை கொடுக்கும். நாலைந்து நாளில் நாலைந்து ஊர் சுற்றுகிறவர்களுக்கும் சௌகரியம்தான். அவர்களும் பெரிய திட்டம் வாங்காமல், சில நாளைக்குச் சின்னதாக வாங்கினால் போதும். அதையும் புறப்படும் முன்பே ஏற்றிக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு கம்பெனிகளின் ஆப்கள், உரிய அனுமதி இல்லை என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னதன்பேரில், இந்தியாவில் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டன. இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

வாங்கும் முன் உங்கள் பிள்ளைகளை இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

1. பேசுவதற்கு நம்பர் உண்டா, வெறும் நெட்டா?
2. எந்தெந்தக் கம்பெனி? பெயர் சொல்லியிருக்கிறதா?
3. அதில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்க முடியுமா?
4. அளவில்லாதது என்றால், எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும்?
5. மற்றவர் போனுக்கும் நெட்டைப் பகிர முடியுமா?
6. நாள் கணக்கு வாங்கிய அன்றா, இங்கே இறங்கிய அன்றா தொடங்கும்?

முதல் கேள்விக்கு "நம்பர் இல்லை" என்று பதில் வந்தால், மற்ற ஐந்துக்கும் நல்ல பதில் வந்தாலும் யோசியுங்கள். நம் ஊரில் ஆட்டோக்காரர், கியாஸ்காரர், ஆஸ்பத்திரி என்று எல்லோரும் முதலில் கேட்பது நம்பரைத்தான்.

அக்கா மகள் இப்போது ஒரே போனில் இரண்டும் வைத்திருக்கிறாள். உள்ளே இ-சிம், வெளியே சங்கரன்கோவில் சிம். "சங்கரநாராயணர் மாதிரி, ஒரே உடம்புல ரெண்டு சித்தி" என்று சிரிக்கிறாள். ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் அவள் செய்த வேறொரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அட்டையில் எங்கள் எல்லோருடைய நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி, நாலு மிட்டாயோடு ஆச்சியின் சுருக்குப் பையில் போட்டாள்.

ஆச்சி அதை வெளியே எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பூக்காரி நம்பரையும் எழுதுட்டி."