தலையே பிரதானம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள் பெரியோர். மனிதனுக்குச் சொன்ன இந்தப் பழமொழி எஞ்சினுக்கும் பொருந்தும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் தலையில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், வால்வுகள் கிடையாது. ஒரு குழிவு, ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு துளை, அவ்வளவே. பார்த்தால் வெறும் மூடிதான். அந்த மூடியைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதை என் அண்ணன் மூலமாக அறிந்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று மெக்கானிக் வேலை பழகி, இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் நான் படிக்கிறேன். பாலைவன மணல்மேடுகளில் ஏறி இறங்கும் நான்கு சக்கர வண்டிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவற்றில் ஒன்று யமஹா பான்ஷி. 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்பனையான வண்டி. இரட்டை சிலிண்டர், நீர்க் குளிர்ப்பு, 347 சி.சி. சிலிண்டரின் விட்டம் 64 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 54 மி.மீ. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த ராஜ்தூத் 350-க்கும் இதே விட்டம், இதே ஓட்டம்தான். அது காற்றுக் குளிர்ப்பு என்பது முக்கியமான வேறுபாடு. ஆக, பான்ஷி நமக்கு அந்நியமல்ல, தூரத்து உறவுதான்!

ஒரு நாள் இரவு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒரு பான்ஷி வந்திருக்குடா. கிராங்க்கை மாத்தி ஓட்டத்தை 4 மில்லி கூட்டிட்டாங்க. ஹெட்டுக்குள்ள மாட்டுற டோமையும் கஸ்டமரே வாங்கிட்டு வந்துட்டார். இருக்கிறதிலேயே சின்னது. என் கைக்கு அது சரியா படல. எஞ்சின் போச்சுன்னா என் சம்பளத்துல பிடிப்பேன்கிறார் முதலாளி. உன் கணக்கு என்ன சொல்லுது?"

வீட்டுச் செலவும் என் கல்லூரிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தில்தான் அடக்கம். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் இடைவெளி. கிராங்க் 4 மி.மீ. கூட்டினால் பிஸ்டன் மேலே 2 மி.மீ. கூடுதலாக ஏறும், கீழே 2 மி.மீ. கூடுதலாக இறங்கும். மேலே பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே பொதுவாக இருப்பதே ஒன்று, ஒன்றரை மி.மீ.தான். சாதாரண ஓட்டத்துக்குக் கடைந்த டோமை அப்படியே மாட்டினால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். சிலிண்டருக்கு அடியில் 2 மி.மீ. தகடு வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் சிலிண்டரே உயர்வதால் அதிலுள்ள வாயில்கள் திறந்து மூடும் நேரம் மாறிவிடும். எனவே 4 மி.மீ. கிராங்குக்கென்றே கடைந்த டோம் வேண்டும்.

அந்த ஓர இடைவெளி அதிகமாக இருந்தாலும் கேடுதான். பிளக் பொறியிட்டதும் தீ நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவுகிறது. அது வந்து சேருமுன் ஓரத்துக் கலவை சூடேறித் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்பட்டு உருகிப்போகும். இடைவெளி குறுகலாக இருந்தால் ஓரத்துக் கலவை நடுவுக்குப் பிதுக்கித் தள்ளப்படுகிறது. மிஞ்சும் மெல்லிய படலமும் உலோகத்தோடு ஒட்டிக் குளிர்ந்துவிடுகிறது. இடிக்கவும் கூடாது, விலகவும் கூடாது!

அடுத்தது கொள்ளளவு. இந்த வண்டிக்கு 18, 19, 20, 21, 22 சி.சி. என்று எண்ணிட்ட டோம்கள் கிடைக்கின்றன. அந்த எண் குழிவின் அளவு மட்டுமே. பிஸ்டனின் குவிந்த தலை அதற்குள் புகுந்து இடத்தைக் குறைக்கிறது. ஓர இடைவெளி இடத்தைக் கூட்டுகிறது. எஞ்சினுக்குள் உண்மையில் மிஞ்சும் இடம் வேறு. ஓட்டம் 58 மி.மீ. ஆனபின் ஒரு சிலிண்டரின் அளவு 186.6 சி.சி. மேலே 17 சி.சி. மிஞ்சினால் அமுக்க விகிதம் 12, 15 சி.சி. மிஞ்சினால் 13.4. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான வித்தியாசம் செய்யும் வேலை இது!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாயில் மூடிய பிறகுதான் அமுக்கமே தொடங்குகிறது. அப்போது 29 மி.மீ. ஓட்டம் மிச்சமிருப்பதாகக் கொண்டால், அதே 17 சி.சி.க்கு விகிதம் 6.5 மட்டுமே. ஜப்பானியக் கையேடுகள் இந்த இரண்டாவது கணக்கைத் தருவது வழக்கம். ஒரு கணக்கின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட்டு டோம் வாங்கினால் விபரீதம்தான்.

மூன்றாவது ஊரும் பெட்ரோலும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் செயின்ட் ஆன்டனி மணல்மேடுகள் சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ளன. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். சின்ன டோம் அங்கே தாங்கும். தாழ்வான, வெப்பமான மணலில் தாங்காது. அமீரகத்தில் 91, 95, 98 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. எதை ஊற்றுவார் என்று கேட்காமல் டோம் சொல்ல முடியாது. அமுக்கம் கூடினால் பிளக்கும் குளிர்ந்த ரகமாக வேண்டும், என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் குளிர்ச்சி கூடும்.

என் கணக்கு ஒரு பாதிதான். அளவுகளைக் கொண்டுவந்தது அண்ணனின் கை. பிஸ்டன் ஊசியின் நேர்கோட்டில் இருபுறமும் ஈயக் கம்பியை நுழைத்து, கிராங்க்கைச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை அளந்தார். மருந்துக் கடை சிரிஞ்சால் பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றிக் கொள்ளளவு பார்த்தார். நானும் நம் வேதியியல் ஆய்வகத்தில் பேராசிரியரின் அனுமதியோடு பழைய ஹெட் ஒன்றைப் பியூரெட் கொண்டு அளந்து பார்த்தேன். ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அளவு தவறுகிறது என்று சொன்னேன். "அதனாலதான் வண்டியைச் சாய்ச்சு வச்சு ஊத்துவேன்" என்றார் அண்ணன். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

அளவுகளைத் தாளில் எழுதி வண்டிக்காரரிடம் காட்டியிருக்கிறார். "பெரிய டோம் போட்டால் வேகம் குறையுமே" என்று அவர் முதலில் கோபப்பட்டாராம். நசுங்கிய கம்பியைக் கையில் கொடுத்த பிறகு சம்மதித்தார். கிராங்குக்கேற்ற, கொள்ளளவு கூடிய டோம் வந்தது. மாட்டிய பின் இடைவெளி இருபுறமும் 1.3 மி.மீ. இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் வண்டி மணலில் ஓடியது. கழற்றிய பிளக்கின் படத்தை அண்ணன் எனக்கு அனுப்பினார். பீங்கான் வெளிர் பழுப்பு நிறம். அலுமினியத் துகள் ஒன்றுகூட ஒட்டவில்லை. சம்பளமும் பிடிபடவில்லை.

நண்பர்களே, கடையில் விலை உயர்ந்ததும் பெயர் பெற்றதும் நம் எஞ்சினுக்குப் பொருந்திவிடாது. அளந்தபின் வாங்குவதே அறிவு. "பி.எஸ்ஸி. படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று ஊரில் கேட்கிறார்கள். முழுமையான பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் அண்ணன் இப்போதெல்லாம் புதிய வேலை எதை எடுத்தாலும் அளவுகளை எழுதி எனக்கு அனுப்புகிறார். சென்ற வாரம் வந்த கேள்வி, புகைக்குழாயின் நீளத்தைப் பற்றியது. அதற்கு ஒலியியல் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.