ஆறடித் தூரத்தில் படிக்க

841-க்கு 1189 மில்லிமீட்டர். ஏ0 தாள். பரப்பு ஒரு சதுர மீட்டர்.

பிளெக்ஸ் கடையில் மில்லிமீட்டர் பேச்சே கிடையாது. "எத்தனைக்கு எத்தனை?" மூணுக்கு நாலு. அடிக்கணக்கு. ஏ0-வைவிட அகலத்தில் 7 சென்டிமீட்டர் கூடிவிடும். மாநாட்டுப் பலகையில் பக்கத்துப் போஸ்டரின் மேல் ஏறும். மாணவர்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

"ஐலெட் அடிக்கணுமா?" வேண்டாம். உள்ளே ஒட்டுவதுதான். டபுள் டேப் போதும்.

இரண்டு வகைப் போஸ்டரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கொசு ஒழிப்புப் போஸ்டர் பேருந்து நிலையத்துக்கு. ஆய்வுப் போஸ்டர் மாநாட்டு அறைக்கு. முன்னது, இதைச் செய்யுங்கள் என்று சொல்லும். பின்னது, இன்னாரிடம் இப்படிக் கேட்டோம், இது கிடைத்தது என்று சொல்லும். சுகாதாரக் கல்வி படிக்கிற பிள்ளைக்கு இரண்டுமே கை வர வேண்டும். சுமை கூடுதல்தான்.

முன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். 1960களின் பிற்பகுதி. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக டி.கே. தியாகி கொண்டுவந்தது. நான்கு முகம், ஒரு முக்கோணம். எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கியது.

ஆய்வுப் போஸ்டருக்கு வயது அதிகம் இல்லை. ஐரோப்பாவில் 1960களின் கடைசியில் தொடங்கியது. அமெரிக்காவில் 1974, மினியாபொலிஸ், உயிர்வேதியியல் மாநாடு. மேடையில் எல்லோருக்கும் நேரம் கொடுக்க முடியவில்லை. அதனால் சுவர்.

மாணவர்கள் கொண்டுவருகிற முதல் வரைவு எல்லாம் ஒரே மாதிரி. ப்ராஜெக்ட் புத்தகத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கும். உலகம், இந்தியா, தமிழ்நாடு, மாவட்டம் என்று இறங்கி வந்து, அவர்கள் போன ஊருக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

நெடுக்குவாட்டு ஏ0-வில் முடிவுரை எங்கே போய் விழுகிறது? முழங்கால் உயரத்தில்.

குனிந்து படித்தவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

தலைப்பு. "எ ஸ்டடி டு அசெஸ் தி எஃபெக்டிவ்னெஸ் ஆஃப்..." நர்சிங் கல்லூரிகளில் இதே தொடக்கம்தான் திரும்பத் திரும்ப. தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமம், தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மார்கள். நான்கு வரி. என்ன கிடைத்தது என்பது மட்டும் அந்த நான்கு வரியில் இல்லை.

"என்னம்மா கண்டுபிடிச்சீங்க?"

போஸ்டரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். ஆங்கிலம். மூச்சு விடாமல்.

டீ கொண்டுவந்த அக்கா நின்று பார்த்தார். "இது எதப் பத்திம்மா?"

"வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் இருக்குல்லக்கா, அது வீட்டுல இருக்கு. ஆனா ஒரு லிட்டர் தண்ணிய எதுல அளக்குறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

எழுதிக்கொண்டேன். இதைவிட நல்ல தலைப்பு அந்த அறையில் இல்லை.

அவள் போஸ்டரில் இருந்தது: ஓஆர்எஸ் உட்பொருள் அட்டவணை. உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5. எல்லாம் சரி. கூட்டிப் பார்த்தேன், கணக்கும் சரி.

சொம்பின் படம் இல்லை.

உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர் குறைந்தாலும் அதே ஆபத்துதான். பாத்திரம் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பையனின் களக் குறிப்பேடு. ரத்த அழுத்த மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறான். டிவி மேல். சாமி படத்துக்குப் பின்னால். அரிசி டப்பாவுக்குள். "கேள்வித்தாள்ல இதுக்குக் கட்டம் இல்ல சார், அதான் போஸ்டர்ல போடல."

2019. மைக் மாரிசன், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவர். ஒரு காணொளி போட்டார். நடுவில் பெரிய எழுத்தில், எளிய மொழியில், கண்டறிந்தது மட்டும். ஓரங்களில் மற்றவை. ஒரு க்யூஆர் குறியீடு. அவ்வளவுதான் யோசனை. உலகம் முழுக்கப் பரவியது. நடுவில் இவ்வளவு காலி இடமா என்று எதிர்ப்பும் வந்தது.

எங்கள் பக்கம் எதிர்ப்பு வேறு மாதிரி. "உழைக்காத மாதிரி தெரியும் சார். கைடு திட்டுவாங்க."

அந்தப் பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

30 பேரிடம் கேட்டுவிட்டு 63.33 சதவீதம் என்று எழுதுகிறார்கள். 30 பேரில் ஒரே ஒருவர் மாறினால் 3.33 நகரும். 19 பேர் என்று எழுதலாம். 19 பேர் என்றால் முகம் தெரிகிறது.

பி = 0.000. எஸ்பிஎஸ்எஸ் திரையிலிருந்து அப்படியே எடுத்தது. பூஜ்யம் என்று ஒன்று அங்கே கிடையாது. மூன்று இலக்கத்துக்கு மேல் அந்த மென்பொருள் காட்டவில்லை, அவ்வளவே. 0.001-க்குக் கீழ் என்று எழுத வேண்டும். இதை மட்டும் விடாமல் சொல்லித் தருகிறேன்.

இந்தியப் பெண்களில் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வு, நான்காவது சுற்று: 53.1 சதவீதம். ஐந்தாவது சுற்று: 57.0. பட்டை வரைபடத்தின் அடிக்கோட்டை 50-இல் தொடங்கி வரைந்திருந்தான் ஒருவன். இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது. எண் சரி, படம் பொய். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, எக்செல் அப்படி வரைந்து கொடுத்தது.

அதே போஸ்டரில் கீழிமையைத் தாழ்த்திக் காட்டும் இரண்டு படங்கள். ஒன்று வெளிறியது, ஒன்று சிவந்தது. திரையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அச்சில் இரண்டும் ஒரே ரோஜா நிறம்.

திரைக்கு மூன்று வண்ண ஒளி. அச்சுக்கு நான்கு வண்ண மை. நீலம் ஊதாவாகிவிடும், அது பரவாயில்லை. இமையின் நிறம் மாறினால் போஸ்டரே போச்சு. ஒரு சாண் அகலத்துக்குச் சோதனை அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் தன்மையாகக் கேட்டால் போட்டுத் தருவார்.

சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் வைத்து "செய்தார்கள், செய்யவில்லை" என்று காட்டக் கூடாது. அந்த இரண்டும் பிரிந்து தெரியாத ஆண்கள் உண்டு. பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது இருப்பார்.

தமிழில் போட்டால் எழுத்துரு. கல்லூரிக் கணினியில் யூனிகோடு. கடையில் பழைய கோரல்டிரா. ஒற்றைக்கொம்பு எழுத்தைத் தாண்டிப் போய் நிற்கும், துணைக்கால் தனியே விழும். பாமினியில் அடித்துக் கொண்டுபோனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் கடைத் திரையில் தலைப்பை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமமாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொல், நடுவில் பள்ளம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். மூன்று பத்திக்குப் பதில் இரண்டு.

சின்னங்கள். கல்லூரி, பல்கலைக்கழகம், துறை, மாநாடு. நான்கும் மேலே வரிசையாக. கண்டறிந்ததைவிட உயரமாக.

கை கழுவும் படம். இணையத்தில் எடுத்தது. வெள்ளைப் பீங்கான் தொட்டி, பளபளக்கும் குழாய். ஆய்வு நடந்த ஊரில் ஒருவர் சொம்பில் ஊற்ற, மற்றவர் கை நீட்டுகிறார்.

இரண்டு பேர் வேண்டும். அதை யாரும் ஆய்வில் கேட்கவில்லை.

ஒரு பாட்டியின் புகைப்படம். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. "முகம் தெரியல சார்." ஊர்க்காரர்களுக்கு மூக்குத்தி போதும், சேலை போதும். கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் சொல்கிறது. அந்தப் பாட்டியிடம் கேட்டீர்களா? எதற்கு, எங்கே மாட்டப் போகிறோம் என்று சொன்னீர்களா?

எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கையால் வரைந்த ஓர் ஓவியம். மாணவியே வரைந்தது. புகைப்படத்தைவிட நன்றாக இருந்தது.

பாடம் நடத்துவதற்கு முன் ஒரு தேர்வு, நடத்தி முடித்த கையோடு இன்னொன்று. மதிப்பெண் கூடுகிறது, கூடத்தான் செய்யும். மூன்று மாதம் கழித்து யாரும் அந்த ஊருக்குப் போகவில்லை. போஸ்டரில் வரம்புகள் என்ற தலைப்பின் கீழ் இதைத்தான் எழுத வேண்டும். "நேரம் குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள்.

லண்டன், 1854, பிராட் தெரு. ஜான் ஸ்னோ தன் வரைபடத்தில் காலரா சாவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு, அந்தந்த வீட்டு வாசலில். தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் கோடுகள் அடுக்கடுக்காகக் குவிகின்றன. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. அங்கே வேலை செய்தவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை.

அங்கே கோடு இல்லை.

மாணவர்கள் இதைப் பார்த்து வெகுநேரம் பேசவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டாள்: "நம்ம டேட்டாவுல யாருக்கு ஒண்ணும் வரலன்னு பாக்கவே இல்லையே சார்?"

நிற்கும் இடம். போஸ்டருக்கு நேர் முன்னால் நின்று மறைக்கிறார்கள். பக்கவாட்டில் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். யாராவது வந்ததும் பேச ஆரம்பிக்கக் கூடாது. முதலில் அவர் படிக்கட்டும்.

இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பயிற்சி: மதிப்பீட்டாளரிடம் பேச வேண்டாம். அலுவலக உதவியாளர், நூலகத்து அக்கா, வாட்ச்மேன் அண்ணன். அவர்கள் திருப்பிக் கேட்கிற முதல் கேள்விக்கான பதில் போஸ்டரில் எங்கே இருக்கிறது? விரலால் காட்டு.

கடைக்கு அனுப்பும் முன் ஏ4-இல் ஒரு பிரதி. நீளம் நான்கில் ஒன்றாகும். 24 புள்ளி எழுத்து 6 புள்ளியாகிவிடும். கை நீட்டிப் பிடித்துப் படிக்க முடியாவிட்டால் வெட்ட வேண்டும்.

வெட்டும்போது அழுகை வருகிறது சிலருக்கு. வெயிலில் நடந்து சேர்த்தது. வெட்டிய பத்தியை நாங்கள் தூக்கி எறிவதில்லை, தனி உறையில் வைக்கிறோம். கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

மாநாடு முடிந்ததும் சுருட்டி பீரோவின் மேல். அடுத்த வருடம் அதன் மேல் இன்னொன்று. சில மாணவர் வீடுகளில் மாட்டுக்கொட்டகைக் கூரையில் பார்த்திருக்கிறேன். பிளெக்ஸ் மட்காது.

துணியிலும் அச்சிடுகிறார்கள் இப்போது. மடித்துப் பையில் வைக்கலாம். விலை கொஞ்சம் கூட.

"அந்த ஊருக்கு ஒண்ணு தமிழ்ல போட்டுக் குடுக்கலாமா சார்? அங்கன்வாடியில மாட்டலாம். அவங்க சொன்னதுதானே எல்லாம்."

"கண்டிப்பா போடலாம்மா."

"அதுக்கு மார்க் உண்டா?"

மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். வடிவமைப்பு, உள்ளடக்கம், முறையியல், விளக்கும் திறன். ஊருக்குத் திருப்பிச் சொல்வதற்குக் கட்டம் இல்லை.

துறைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். 5 மதிப்பெண். சின்னங்களுக்கான இடத்தைக் குறைத்தால் ஊருக்கான துணி அச்சின் செலவும் கொஞ்சம் குறையும்.